380 மீட்டருக்கு 45 நிமிடம்: சிறு குழந்தையோடு இருப்பதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது?

ஜூன் 8, 2025, ஞாயிறு. வாசகர் ஒருவர் கேட்டது:

என் பையனுக்கு இரண்டரை வயது. நாள் முழுக்க அவனோடுதான் இருக்கிறேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே பொம்மைக் காரை நாற்பது தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது, அலுப்பாக வருகிறது. சின்னச் சின்ன விஷயங்களை அனுபவியுங்கள், இந்த வயது திரும்ப வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தச் சின்ன விஷயம்? எப்படி அனுபவிப்பது? யாராவது உள்ளபடி சொல்லுங்கள்.

ஜூன் 9, திங்கள், இரவு 10.40

எனக்கும் அலுப்பு வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். திருவானைக்காவலில் இருக்கிறோம். மனைவி பள்ளி ஆசிரியர், ஜூன் 2 பள்ளி திறந்ததிலிருந்து காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறாள். நான் சில கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். அதனால் பாப்பாவை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போவது என் வேலை ஆனது. அரை கிலோமீட்டர் தூரம். முதல் நாள் 45 நிமிடம் ஆனது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஏழு நிமிடத்தில் போய்விட்டேன், அவள் அழுத அழுகையில் அங்கன்வாடி டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார்.

நாலாம் நாள்தான் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். தினமும் ஒரே வீட்டு வாசலில் நிற்கிறாள். எங்கள் தெருவில் பதினைந்து வாசலிலாவது கோலம் இருக்கும், மற்ற கோலங்களைத் தாண்டிப் போகிறவள் அந்த வீட்டில் மட்டும் உட்கார்ந்துவிடுகிறாள். நானும் குனிந்தேன். அந்தக் கோலத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. கறுப்பாக, கடிக்காத பிள்ளையார் எறும்பு. பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டுப் பாட்டி இன்னமும் பச்சரிசி மாவில் கோலம் போடுகிறார், மற்ற எல்லா வீட்டிலும் (எங்கள் வீட்டிலும்தான்) கடையில் வாங்கும் கல்மாவு. எறும்புக்குக் கல்லைத் தின்று என்ன செய்ய.

அந்தத் தெருவில் எட்டு வருடமாக நடக்கிறேன். அரிசி மாவுக் கோலம் எறும்புக்குப் போடும் சாப்பாடு என்று சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். காட்டியவள் என் இடுப்பு உயரம்கூட இல்லை.

ஆகவே என் பதில்: 45 நிமிடத்தில் 42 நிமிடம் அலுப்புதான். மூன்று நிமிடம் இப்படி. அந்த மூன்று எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் 45 நிமிடமும் கூட இருக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 9, இரவு 11.15

ஒரு திருத்தம். அரை கிலோமீட்டர் என்று எழுதியது தப்பு. போனில் அளந்து பார்த்தேன், 380 மீட்டர்.

ஜூன் 13, வெள்ளி

மேலே எழுதியதை மனைவி படித்தாள். முழுதும் படித்துவிட்டுக் கேட்டது இதுதான்: "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எட்டு மணிக்கு அவ பல்லு விளக்கி, குளிச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டு, சட்டை போட்டு வாசல்ல நிக்கறா இல்ல, அது எப்படி நடக்குது? அதையும் எழுதுங்க."

எழுதுகிறேன். ஐந்தரைக்கு எழுந்து அவள் செய்வதால் நடக்கிறது. ஏழே முக்காலுக்குள் தானும் கிளம்பி, குழந்தையையும் கிளப்பி, என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்குப் பதினொரு மணிக்கு மேல்தான் வேலை. எறும்பு பார்க்க எனக்கு 45 நிமிடம் இருப்பது அவள் காலை இரண்டு மணி நேரத்தைக் கொடுத்ததால். இந்த ஒரு வாரமாக இரவு மாவு ஆட்டுவதையும் காலை குளிப்பாட்டுவதையும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: நாள் முழுக்க நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், உங்கள் அலுப்புக்குக் காரணம் உங்கள் மனசு இல்லை. கை மாற்ற ஆள் இல்லாததுதான். முதலில் அதற்கு வழி பாருங்கள். அனுபவியுங்கள் என்று சொல்கிறவர்களிடமே "சரி, ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

ஜூன் 16, திங்கள்

மேட்டூரில் 12ம் தேதி தண்ணீர் திறந்தார்கள். ஞாயிறன்று எங்கள் பக்கம் நன்றாக வந்துவிட்டது. கோடையில் ஒரு ஓரமாக ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் புதுத் தண்ணீர் மணலை நக்கிக்கொண்டு வருவதைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, என் அப்பா எனக்குக் காட்டியது அது. சனிக்கிழமை சாயங்காலமே கூட்டிப் போனேன். அவள் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், அதில் ஈர மணலை அடைத்தாள், கவிழ்த்தாள். மறுபடி அடைத்தாள், கவிழ்த்தாள். ஒரு மணி நேரம். "பாப்பா, அங்க பாரு, காவேரி வருது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் "அப்பா, இட்லி" என்றாள். ஆமாம், செருப்பு அச்சில் வந்த மணல் இட்லிகள். பதினோரு இட்லி.

மறுநாள் போனபோது அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். இட்லி எங்கே என்று தேடினாள். "காவேரி சாப்பிட்டுடுச்சு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து, "சட்னி?" என்று கேட்டாள்.

புதுத் தண்ணீரை நான் காட்ட நினைத்த மாதிரி அவள் பார்க்கவில்லை. ஆனால் இனிமேல் ஒவ்வொரு வருடமும் ஆற்றில் தண்ணீர் வந்தது என்று கேள்விப்பட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஜூன் 17

பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது, நேற்றே எழுத நினைத்து விட்டுப்போயிற்று. அதில் சிற்றில் என்று ஒரு பருவம் உண்டு, 17ம் மாதத்துக்கு உரியது. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுவார்கள், ஆண் குழந்தை வந்து காலால் சிதைப்பான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். பள்ளியில் பத்துப் பருவங்களையும் வரிசையாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அப்புறம் கடைசி மூன்று. அப்போது அது வெறும் பட்டியல். இப்போது பார்த்தால் ஒரு குழந்தை என்னென்ன செய்யும் என்று யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்து மாதம் மாதமாகக் கவனித்து வைத்தது போல இருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை ஆட்டும். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டும். என் மகள் ஏறக்குறைய அந்த மாதத்தில்தான் கை கொட்டினாள். நான் அப்போது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அம்மா சொல்லித்தான் திரும்பினேன்.

ஜூலை 11, வெள்ளி

குழந்தை கையில் போன் கொடுப்பீர்களா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கிறேன். ஒவ்வொரு மாதமும் 11ம் தேதியும் 20ம் தேதியும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள், இன்றும் அந்த நாள்தான். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் அவள் கையில் போன் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது எனக்குத் தெரியும்: இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது, தினமும் 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காலை நடையில் எறும்பு பார்க்க உட்கார்ந்த நேரத்தைக் கழித்துவிட்டாலும் நடந்தது, ஓடியது, எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி இறங்கியது எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் தேறும்.

என் போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதுதான் பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. காலை நடையில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். பையில் இருந்தால் எறும்பைப் படம் எடுக்கிறேன், எடுத்ததை அனுப்புகிறேன், பதில் வந்ததா என்று பார்க்கிறேன், அதற்குள் அவள் நாலு வீடு தாண்டிவிடுகிறாள்.

ஜூலை 23, புதன்

கேள்வி கேட்டவரின் நாற்பது தடவை கார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அது பல்லி. டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி இருக்கிறது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் "பல்லி எங்கே?" என்று அவள் கேட்க வேண்டும், "தூங்குது" என்று நான் சொல்ல வேண்டும், "ஏன்?" என்பாள், "ஏன்னா ராத்திரி ஆயிடுச்சு" என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறக்கூடாது. ஒருநாள் அலுத்துப்போய் "பல்லி ஊருக்குப் போயிடுச்சு" என்றேன், அழுதுவிட்டாள். உண்மையில் பல்லி ராத்திரியில் தூங்காது, அப்போதுதான் பூச்சி பிடிக்க வெளியே வரும். அதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் முயன்றேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

நாள் முழுக்க அவளுக்கு எல்லாமே புதிது. எப்போது யார் வருவார்கள், யார் போவார்கள், எதற்குத் திட்டுவார்கள் என்று எதுவும் தெரியாது. சொன்னால் சொன்ன பதில் வருவது இந்தப் பல்லி ஒன்றில்தான். அந்தப் பதில் வரும் என்று தெரிந்து, வந்ததும் அவள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். நாற்பதாவது தடவையும் மலர்கிறது. காரைப் பார்க்காமல் பையன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அலுப்பு கொஞ்சம் குறையலாம். எனக்குக் குறைந்தது.

ஜூலை 24

இன்னொன்று. அவளுக்கு "நான்" "நீ" இன்னும் இடம் மாறித்தான் வருகிறது. தூக்கச் சொல்ல வேண்டும் என்றால் கையை மேலே நீட்டி "உன்னைத் தூக்கு" என்கிறாள். பாவம், நாங்கள் எப்போதும் "உன்னைத் தூக்கவா?" என்றுதானே கேட்கிறோம், அவளைப் பொறுத்தவரை அவள் பெயரே "உன்னை". பசித்தால் "உனக்குப் பசிக்குது". நேற்று, நாளைக்கு இரண்டும் ஒன்றுதான்: "நாளைக்கு யானை பாத்தோம்". மாமியார் திருத்துகிறார், நான் திருத்துவதில்லை. தானாகச் சரியாகிவிடும். சரியாகிற வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கோயில் யானை அகிலாவைப் பார்க்கப் போன வாரம் உச்சிக்காலப் பூஜை நேரத்தில் கூட்டிப் போயிருந்தேன். அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அம்மன் சார்பில் சுவாமிக்குப் பூஜை செய்ய வருவார், யானையும் கூட வரும், வெளியூரிலிருந்து இதற்கென்றே வருகிறார்கள். பாப்பாவுக்குப் பிடித்தது தரையில் கிடந்த ஒரு வாழைப்பழத் தோல். யானை பழத்தைத் தோலோடு சாப்பிடும்போது இது மட்டும் யார் உரித்தது என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் இன்னும் பதில் தெரியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

படித்துறையில் அப்படி ஒரு கூட்டம், அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டு வந்துவிட்டோம். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் ஆனது. மேட்டூர் இந்த வருடம் ஜூன் மாதமே 120 அடி நிரம்பிவிட்டதால் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது, குழந்தையைப் படியில் இறக்கவே இல்லை, இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

சப்பரம் வாங்கிக் கொடுத்தேன். மரத்தில் செய்த சின்னது, கயிறு கட்டித் தெருவில் இழுப்பது. உள்ளே சாமி படம் வைப்பார்கள், இவள் ஒரு கத்திரிக்காயை வைத்து இழுத்தாள். தெருமுனை வரை போனாள், திரும்பி வந்தாள், கத்திரிக்காய்க்குச் சூடம் காட்டச் சொன்னாள். என் அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் கையால் ஆரத்தி சுற்றுவது போலக் காட்டினார்.

பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் சிறுதேர். அது ஆண்பாலுக்கு. பெண்பாலில் கடைசியில் அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். எங்கள் வீட்டில் இரண்டு வரிசையும் நடக்கிறது: தேரும் இழுக்கிறாள், ஊஞ்சலும் ஆடுகிறாள், ஜூனில் மணல் இட்லியும் செய்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், 103 வரை போனது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். டாக்டர் பயப்பட ஒன்றும் இல்லை, வைரஸ் காய்ச்சல்தான் என்றார், ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அது போதவில்லை.

இந்த நாட்களில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. இருந்ததாக எழுத மாட்டேன். இன்று காலை எழுந்ததும் "உனக்கு எறும்பு பாக்கணும்" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பாட்டி வாசலிலேயே இருந்தார், "நாலு நாளா எங்க என் வாடிக்கையாளரைக் காணோம்?" என்று கேட்டார். இதுவரை அந்த அம்மாவோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாவுக் கிண்ணத்தை நீட்டினார், பாப்பா ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் போட்டாள். கோடு வரவில்லை, குவியலாக விழுந்தது. எறும்புக்கு அதுதான் வசதி என்றார் பாட்டி.

செப்டம்பர் 8, திங்கள், காலை 6.10

நேற்று ராத்திரி சந்திர கிரகணம். முழு கிரகணம் 11 மணிக்குத் தொடங்கி 12.22 வரை. குழந்தை ஒன்பதுக்கே தூங்கிவிட்டாள், நான் மட்டும் பார்க்கலாம் என்றிருந்தேன். பதினொன்றரைக்குத் தண்ணீர் கேட்டு எழுந்தவள் மறுபடி படுக்கவில்லை. கிரகண நேரத்தில் குழந்தையை வெளியே கொண்டு போவதில் என் அம்மாவுக்கு விருப்பம் இல்லை. ஜன்னல் வழியாகக் காட்டு என்றார். ஆனால் நிலா ஏறக்குறைய உச்சியில் இருந்தது, ஜன்னலில் தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அவரே தன் முந்தானையால் குழந்தையின் தலையை மூடித் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். எழுபது வயதில் அதுதான் அவர் முழுசாகப் பார்த்த முதல் கிரகணம். சின்ன வயதிலிருந்து உள்ளேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

நிலா செம்பு நிறத்தில் இருந்தது. பூமியின் காற்றைத் தாண்டி வளைந்து போகும் வெயிலில் சிவப்பு மட்டும்தான் அங்கே போய்ச் சேருகிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். பாப்பா முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "தோசை கருகிடுச்சு" என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் நிலாவை "வா, வா" என்று அவள் கூப்பிடவும் செய்தாள். அம்புலிப் பருவம் 15ம் மாதம் என்பார்கள், இவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் கூப்பிடுகிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஜூன் 9ல் எழுதிய 42க்கு மூன்று கணக்கைத் திருத்த வேண்டும். நேரம் நிறைய இருந்தால்தான் அந்த மூன்று நிமிடம் வரும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படி இல்லை.

நேற்று சாயங்காலம் மனைவி பள்ளியிலிருந்து ஐந்தே காலுக்கு வந்தாள். விடைத்தாள் கட்டு கையில். வந்ததும் குக்கர் வைத்தாள். பாப்பா அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு விசில் எண்ணுவாளாம், இது ஆடி மாதத்திலிருந்தே நடக்கிறதாம், எனக்கு நேற்றுதான் தெரியும். முதல் விசிலுக்கு ஒன்று. இரண்டாவதுக்கு ரெண்டு. மூன்றாவது விசில் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து "அஞ்சு!" என்று கத்தினார்கள். மனைவி அடுப்பை அணைத்தாள். இதற்காகத் தனியாக ஒரு நிமிடம்கூட அவள் ஒதுக்கவில்லை. பருப்பு வேக வேண்டும், வெந்தது.

"மூணுன்னு சொல்லித் தரலையா?" என்று கேட்டேன். "அவளுக்கு மூணு தெரியும். சாதம் ஆயிடுச்சுன்னா அஞ்சுன்னு கத்தணும், அதான் எங்க கணக்கு" என்றாள்.

கேள்வி கேட்டவர் ஒரு நாள் சமையலறையில் முயன்று பார்க்கலாம். விளையாட்டுக்கென்று தனியாக உட்கார்வதைவிட, எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைக்குள் குழந்தைக்கு ஒரு இடம் கொடுத்துவிட்டால் அலுப்பு வருவதற்கு நேரமே இருப்பதில்லை. கொத்தமல்லி கிள்ளுவது, துணிக்குக் கிளிப் எடுத்துத் தருவது, மோட்டார் போட்டதும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டு வந்து சொல்வது. இந்தக் கடைசி வேலையை எங்கள் வீட்டில் அவளை விட்டால் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

செப்டம்பர் 20

இன்று 20ம் தேதி. போன் அவளிடம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்று வயது முடிந்தது. அங்கன்வாடிக்கு இப்போது இருபது நிமிடத்தில் போய்விடுகிறோம். முட்டை போடும் நாளென்றால் பத்து நிமிடம்தான், முன்னால் ஓடுகிறாள். மழை பிடித்துக்கொண்டதால் பாட்டி வாசலில் கோலமும் தினமும் இல்லை. போட்ட கோலம் அரை மணியில் கரைந்துவிடுகிறது.

இன்று திரும்பி வரும்போது தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. நின்றாள், கையை மேலே நீட்டினாள், "அப்பா, என்னைத் தூக்கு" என்றாள்.

தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தாண்டி, கோயில் மதில் வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன், அம்மாவைக் கேட்டேன். கடைசியாக "உன்னைத் தூக்கு" என்று சொன்னது எப்போது? அம்மா போன வாரம் என்கிறார். மனைவி இல்லை, சரஸ்வதி பூஜைக்கு முன்னாலேயே மாறிவிட்டது என்கிறாள். இங்கே எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன், ஆகஸ்ட் 21ல் "உனக்கு எறும்பு பாக்கணும்" இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதுவும் குறித்து வைக்கவில்லை.

"நாளைக்கு யானை பாத்தோம்" மட்டும் இன்னும் இருக்கிறது. இன்று ராத்திரிகூடச் சொன்னாள். ஆமாம், பார்த்தோம் என்றேன்.